அஞ்சலை வாசலில் டெய்சி உட்கார்ந்தது

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒரே கனவுதான் வருகிறது. கையில் நாயைப் பிடிக்கும் நீளமான லீஷ் இருக்கிறது. முன்னால் டெய்சி போகிறாள். கால் தரையில் படாமல் நான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். குருசுக்குப்பத்துத் தெருக்கள் பனியில் பாதி அழிந்து கிடக்கின்றன. வாசனைகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. காயும் வலை, பேக்கரி, மாதா கோயில் மெழுகுவத்தி, உப்பு ஏறிய சுவர். சாரம் பகுதியில் என் வீட்டுக் கட்டிலில் கண் விழித்த பிறகும் மூக்கு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். "திரும்பவும் டூட்டிக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்பாள் என் மனைவி.

நான் போலீஸ் நாய்ப் பிரிவில் நாயைக் கூட்டிப் போகும் ஹேண்ட்லராக இருந்தவன். டெய்சி ஒரு டாபர்மேன், டிராக்கர். டிராக்கர் நாய்க்கு ஒரு பொருளை முகரக் கொடுப்போம். அந்தப் பொருளில் எந்த ஆளின் வாசனை இருக்கிறதோ, அதைத் தரையில் தேடிக்கொண்டே போகும். வாசனை எங்கே முடிகிறதோ அங்கே உட்காரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். திருட்டு, கொலை, நல்லவன், கெட்டவன் எல்லாம் மனுஷன் வைத்த பெயர்கள். இப்போது இந்தப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

1. துணி

மார்கழிக் காலை. மதாம் தெரேஸ் வீட்டுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. மதாம், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். பையன் பிரான்ஸில். தனியாக இருந்தார். யாரோ பின்னால் வந்து தலையில் அடித்துவிட்டு, கழுத்துச் சங்கிலியையும் பீரோவில் இருந்த நகையையும் எடுத்துப் போயிருந்தார்கள். நாங்கள் போவதற்குள் மதாமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சமையலறைத் தரையில் ஒரு பழைய துணி கிடந்தது. வீட்டுத் துணி மாதிரி இல்லை. அழுக்காக, முறுக்கிச் சுருட்டினாற்போல் இருந்தது. அடித்தவன் கையைத் துடைத்துப் போட்டிருப்பான் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தோன்றியது, எனக்கும்தான். அதையே டெய்சிக்குக் கொடுத்தோம்.

பனி இருந்தால் வாசனை எழுந்து போகாமல் தரையிலேயே படுத்துக் கிடக்கும். டெய்சி அன்று ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. பின்கட்டு, சந்து, பிள்ளையார் கோயில், அடிபம்பு. அவள் டிராக்கில் போகும்போது எனக்கும் ஒரு மயக்கம் வந்துவிடும். சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்கும். பின்னால் ஜனம் சேர்வது தெரியும், ஆனால் உறைக்காது. எங்கள் ஊரில் போலீஸ் நாய் கிளம்பினால் தேர் கிளம்பின மாதிரி. அடுப்பில் சோறு வெந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கையில் போன் வேறு.

மீனவர் தெருவில் நீலக் கதவு போட்ட ஒரு வீட்டு வாசலில் டெய்சி உட்கார்ந்தாள். கதவைத் திறந்தவள் அஞ்சலை. தலையில் மீன்கூடை சுமந்து வீடு வீடாக விற்பவள். கையில் சோற்றுத் தட்டு இருந்தது. நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற ஊரைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

2. உண்மையும் வீடியோவும்

உண்மை அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அது அவளுடைய சும்மாட்டுத் துணி. கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைப்பது. காலையில் மதாம் வீட்டுப் பின்கட்டில் சங்கரா மீனை அரிந்து கொடுத்துவிட்டு, துணியைச் சமையலறையில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காலியான கூடைக்குச் சும்மாடு எதற்கு? டெய்சி துணிக்குச் சொந்தக்காரியின் வீட்டைக் காட்டினாள். அதில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வாரமே நகையோடு இரண்டு பேர் பிடிபட்டார்கள். வெளியூர்க்காரர்கள். கேமராவில் அவர்களுடைய பைக் பதிவாகியிருந்தது. அஞ்சலையை அவர்களுக்கு யாரென்றே தெரியாது. எங்கள் கணக்கில் கேஸ் முடிந்தது.

ஆனால் அதற்குள் டெய்சி அவள் வாசலில் உட்கார்ந்த வீடியோவை, பயமுறுத்துகிற இசை சேர்த்து, குற்றக்கதை சொல்லிப் பிழைக்கிற ஒருவன் இணையத்தில் போட்டுவிட்டான். நாய் காட்டிக்கொடுத்த மீன்காரி என்று தலைப்பு. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கத் தோதான கதை. தவளக்குப்பத்தில் இருக்கும் என் மைத்துனன் எனக்கே அதை அனுப்பி, "மாமா, சூப்பர்" என்று எழுதியிருந்தான். அவனோடு நான் கொஞ்ச நாள் பேசவில்லை.

குற்றவாளிகள் பிடிபட்ட செய்தியை எல்லாரும் படித்தார்கள். படித்துவிட்டு, வீட்டை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது யார், நாய் சும்மாவா போய் உட்காரும் என்று கேட்டார்கள். துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகும் ஷேர் ஆட்டோவில் மற்ற பெண்கள் அவள் கூடையை ஏற்ற விடவில்லை. வாடிக்கை வீடுகளில் அவள் குரல் கேட்டதும் கதவு சாத்தினார்கள். அவள் வியாபாரத்தையே விட்டுவிட்டாள்.

3. அவள் கேட்டது

ஒரு நாள் அஞ்சலை நாய்க் கொட்டிலுக்கே வந்தாள். நான் டெய்சிக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தேன். இவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று டெய்சியையே பார்த்தாள். டெய்சிக்கு மீன் வாசனை என்றால் உயிர். வாலை ஆட்டினாள்.

"ஏட்டய்யா, நான் இல்லன்னு பேப்பர்ல போட்டாங்க. இன்ஸ்பெக்டரு வந்து சொன்னாரு. யாரும் நம்பல. நாய் சொன்னா நம்புறாங்க. அந்த நாயே வந்து இல்லன்னு சொல்லட்டும்."

சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் என்னிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. நாய்க்கு ஆமாம் மட்டும்தான் தெரியும், இல்லை என்று சொல்லத் தெரியாது என்றேன். மதாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்றாள். பால்காரனிடம்கூடக் கிரில் வழியாகத்தான் கை நீட்டுகிறாராம். இவள் போய்த் தட்டியபோது உள்ளே காலடிச் சத்தம் கேட்டதாம், கதவு திறக்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். தெரு பேசியதைச் சொல்லும்போது அழவில்லை.

அன்று டெய்சி கொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் மூக்கு துடித்தது, கால்கள் ஓடின. அவள் கனவில் எந்தத் தெருவோ. அவளுக்கு அந்த நீலக் கதவு ஒரு நல்ல நாளின் முடிவு, பிஸ்கெட் கிடைத்த இடம். அவ்வளவு நல்ல மனசோடு செய்த வேலை ஒருத்தியின் வாழ்க்கையை எப்படிக் கெடுத்தது என்று நினைக்க நினைக்க எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

4. டெமோ

பள்ளிக்கூடங்களில் நாய்ப் பிரிவு டெமோ காட்டுவது வழக்கம். அதைக் குருசுக்குப்பத்தில் நடத்த அனுமதி வாங்கினேன். மதாம் வீட்டு வாசலைத்தான் இடமாகச் சொன்னேன். சொன்ன நாள் காலையில் தெரு நிறைந்துவிட்டது. அஞ்சலையும் ஓரமாக வந்து நின்றாள்.

நாயை ரொம்ப நம்புகிறவர் யார், ஒரு துணி கொடுங்கள் என்றேன். படகுகளுக்கு ஐஸ் போடும் குப்புராஜ் முன்னால் வந்தார். அஞ்சலையைப் பற்றி அதிகம் பேசியவர் அவர்தான். தோளில் இருந்த துண்டைக் கீழே போடச் சொல்லி, அவரை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். வீடு எதுவென்று எனக்கும் தெரியாது.

டெய்சி துண்டை முகர்ந்தாள், கிளம்பினாள். அதே சந்து, அதே ஜனம், அதே போன்கள். எனக்கும் அதே மயக்கம். மூன்றாவது தெருவில் ஒரு வாசலில் ஏறி உட்கார்ந்தாள். குப்புராஜ் கதவைத் திறந்தார். "யோவ், நீதானாய்யா மதாம அடிச்சது?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். தெருவே சிரித்தது. குப்புராஜும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

இதுதான் நாய்க்குத் தெரிந்த வேலை, துணி யாருடையது என்று காட்டும், யார் அடித்தது என்று காட்டாது என்றேன். புரிந்துவிட்டது என்பது முகங்களில் தெரிந்தது. ஆட்டோவில் அவளை ஒதுக்கிய பெண்களில் ஒருத்தி, "நாளைக்கி வந்துடுடி" என்றாள்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவரு வாசல்ல உக்காந்ததும் சிரிச்சாங்க பாத்தீங்களா ஏட்டய்யா. என் வாசல்ல உக்காந்தப்ப ஒருத்தரும் சிரிக்கல."

இந்த டெமோவையும் பலர் வீடியோ எடுத்தார்கள். அதை யாரும் யாருக்கும் அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

5. கிரில் கதவு

டெமோ தொடங்கிய வாசலுக்குத் திரும்பி வந்தபோது மதாம் கிரில்லுக்கு உள்ளே நின்றிருந்தார். தலையில் மயிர் மழித்த இடத்தில் தையல் தெரிந்தது. மாடியிலிருந்து தெரிந்த வரை பார்த்திருக்கிறார். அஞ்சலை நேராக அவரிடம் போனாள்.

"மதாம், நீங்க எம்மேல சந்தேகப்பட்டீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். படித்தவர், நாசூக்கானவர்.

"பட்டேன்" என்றார் மதாம். "முகத்தப் பாக்கல அஞ்சல. படுத்தா அந்தக் காலடிச் சத்தம் கேக்குது. ஏதாவது ஒரு மொகம் வேணும்னு இருந்துச்சு. நாயி அங்க உக்காந்துச்சுன்னாங்க. ஒம்மொகத்த வெச்சிக்கிட்டேன். அவங்களப் புடிச்சப்புறமும் அது போகல."

அஞ்சலை கிரில்லைப் பிடித்துக்கொண்டாள். "வீடியோ பாத்தவங்களுக்கு என்னத் தெரியாது மதாம். ஒங்களுக்குத் தெரியும்."

மதாம் அழுதார். என் தப்பு, என் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, நாளைக்கு மீன் கொண்டு வருவாயா என்று கேட்டார்.

"வரேன். ஆனா கதவத் தெறந்து வெச்சிருங்க. நான் தட்ட மாட்டேன்."

அதற்குப் பிறகு பணியில் இருந்தவரை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். டிராக்கில் நாய் எந்த வாசலில் உட்கார்ந்தாலும், பின்னால் திரும்பி, கூட்டத்துக்குக் கேட்கும்படி, இது துணியின் வாசனை மட்டும்தான் என்று சொல்லிவிடுவேன். என் வேலை மூக்கோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளே, லீஷைச் சுருட்டுவதற்கு முன்னால் நீங்களும் இதைச் சொல்லுங்கள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். இருந்தாலும் சொல்லுங்கள்.

டெமோ முடிந்த மறுநாள் காலை டெய்சியை நடத்திக்கொண்டு அந்தத் தெருப் பக்கம் போனேன். பனி இறங்கியிருந்தது. மதாம் வீட்டுக் கிரில்லும் கதவும் அகலத் திறந்திருந்தன. மதாம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. உள்ளே ஓடிவிடாமல் இருக்க நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அப்போது தெருமுனையில் கூடையோடு அஞ்சலை திரும்பினாள்.