கங்காதரனின் அக்காள்

கங்காதரன் கருவாடு புரட்ட, சொர்ணம் ஓலைக்கொட்டானோடு பின்னாலேயே நடக்கிறாள். கோவளம் கரையில் உச்சி வெயிலுக்கு வாளை மீனைத் திருப்பிப் போடும் நேரம் அது. வடக்கு வரிசையில்தான் தம்பி ஆரம்பிப்பான். மீனின் தலை கடலைப் பார்த்தே இருக்க வேண்டும். நடுவில் காக்கை ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் போச்சு, காதைப் பொத்திக்கொண்டு தலையை மணலில் மோதுவான். அந்த இடத்தை நிரப்ப, அதே அளவு மீன்கள் நாலைந்தைக் கொட்டானில் போட்டு வைத்திருக்கிறாள்.

அவனுக்கு இருபத்தாறு வயது. பேச்சு கிடையாது. சோற்றில் குழம்பு பட்டால் தட்டு பறக்கும். காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கட்டிய கயிறுகளை எல்லாம் பல்லால் கடித்தே அறுத்துவிட்டான். செங்கல்பட்டில் ஒரு டாக்டர் வலிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை என்றார். இல்லாததை எல்லாம் சொன்ன மனிதர், இருப்பது இன்னதென்று சொல்லாமலே அனுப்பிவிட்டார்.

தாயார் கண்ணை மூடிப் பதினோரு வருஷம். முப்பத்திரண்டு வயதுச் சொர்ணம் அன்றிலிருந்து தலைவாரிக்கொள்ள நிதானமாக உட்கார்ந்ததில்லை. யாராவது "பாவம்" என்றால் முகம் கடுத்துவிடும். பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள்: "ஒரே ஒரு நாளு செத்துப்போயி, மறுநாளு எய்ந்து வந்துட்டா தேவலாம்க்கா." சொன்ன கையோடு பயந்துபோய் வாயில் அடித்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த இரண்டு பேர் கங்காதரனைப் பார்த்ததும் காப்பியைக் கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். முறைக்கு மாமன் மகனான தாண்டவராயன் மட்டும் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் தச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவான். அவனை அவளுக்குப் பிடிக்கும், வெகுவாகப் பிடிக்கும். சனிக்கிழமையே புடவையைத் துவைத்துப் போடுவாள். பதில் மட்டும் மாறாது.

"போ மச்சான். ஊர்ல வேற பொண்ணா இல்ல?"

"கீது. நான் உன்னத்தான் கேக்கறேன். அவனயும் சேத்துத்தான் கேக்கறேன்."

"வாரத்துக்கு ஒருநாளு வந்து பாக்கறவனுக்கு இன்னா தெரியும்? பொழுதுக்கும் கூட இருந்து பாரு, நீயே ஓடிப்பூடுவ."

போன ஞாயிறு அவன் முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டான். சொர்ணம் தம்பியையும் கூட்டிக்கொண்டு உப்பு வாங்கப் போயிருந்தாள். யார் வீட்டுக் கருவாடானாலும் நேரம் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் ஒரு கை கொடுப்பது கரைப் பழக்கம். தாண்டவராயனும் நல்ல மனசோடு, தெற்குக் கோடியில் உட்கார்ந்து இரண்டு வரிசையைப் புரட்டிப் போட்டான்.

திரும்பி வந்த கங்காதரன் அதைப் பார்த்து வீறிட்டான். பாய்ந்து தாண்டவராயனின் முன்கையைக் கடித்தான். ரத்தம் வந்தும் பல் விடவில்லை. எப்படி ஓங்கியது என்று தெரியாமலே சொர்ணத்தின் கை தம்பியின் கன்னத்தில் இறங்கியது. அவனை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை. பிடி விட்டது.

"பாத்தியா? இப்பவாச்சும் புரியுதா?" இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "போய்டு மச்சான். இனிமே வராத."

தாண்டவராயன் அலையில் கையைக் கழுவினான். சுரீரென்று எரிந்திருக்கும். பஸ் நிற்கும் பக்கம் போவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் வரிசைக்கு வந்து குந்தி, தான் புரட்டிய மீன்களை ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்தான். இரண்டு வரிசையும் முடிய வெகு நேரமாயிற்று.

"தப்பு என்னுதுப்பா. நீ போடு," என்று கங்காதரனிடம் சொல்லிவிட்டு எட்டப் போய் உட்கார்ந்தான்.

அலறல் முனகலாகி அடங்கியது. கங்காதரன் வடக்கு மூலைக்கு நடந்து முதல் மீனைத் திருப்பினான். தாண்டவராயன் வெயிலிலேயே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொர்ணம் மீன் கொட்டானைக் கொண்டுவந்து தாண்டவராயன் பக்கத்தில் வைத்தாள். பிறகு கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலுக்குப் போய், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, இருவருக்கும் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.