அக்காவும் மாடி வீட்டு ரூபாலியும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. துக்கம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆத்திரம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்த அக்கா, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, ராணுவத்திலிருந்த அத்தானுடன் அஸ்ஸாம் போனார். தலைப்பிரசவத்தின்போது அத்தான் எல்லைப் பணியில் இருந்தார். கடுகெண்ணெய் வாசனை பட்டாலே அக்காவுக்குக் குமட்டும். பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் கண்டுகொண்டு, சைகையில் கேட்டுக் கேட்டே ரசம் வைக்கப் பழகி, பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆக்கிப் போட்டார். அவரிடமே அக்கா அஸ்ஸாமிய மொழி கற்றார். பிற்பாடு கடுகெண்ணெய் மீன்குழம்பைக் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

அத்தான் காலமான பின் அக்கா ராஜபாளையம் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அப்போது நூல் மில்லில் வேலை பார்க்கும் ரூபாலியும் அவர் கணவரும் ராஜபாளையத்தில் வீடு தேடி அலைந்தார்கள். அஸ்ஸாம்காரர்கள் என்று யாரும் கொடுக்கவில்லை. அக்கா தன் மாடியைக் கொடுத்தார்.

“எந்த ஊரு ஆளுகன்னே தெரியாம வீட்டக் குடுத்திருக்க. வாசல்ல நிக்க முடியல, எண்ண நாத்தம்!” என்றார் சித்தப்பா.

“நானும்தான் மூக்கப் பொத்துனேன் சித்தப்பா. பொத்துனவளுக்குத்தான் அவிய சோறு போட்டாக.”

சிங்கப்பூரில் நெடுங்காலம் இருந்த எங்கள் தம்பியும் சித்தப்பா பக்கமே பேசினான். பல இனத்தாரோடு பழகியவனுக்கு இது ஏன் விளங்கவில்லை என்று அக்காவிடம் பொருமினேன்.

“ஊரப் பாத்தா மட்டும் புத்தி மாறிருமா? அங்கன ஒருத்தர் கையால கஞ்சி வாங்கிக் குடிக்கிற நெலம வரணும்ட்டி. அவனுக்கு வரல.”

பக்கவாதத்தில் அக்கா படுத்தபோது, பார்க்க வந்த உறவினர்கள் பழப்பையை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்கள். குளிப்பாட்டித் தலைவாரிவிட்டவர் ரூபாலி.

இறுதிச் சடங்கில் வாய்க்கரிசி போட அவர் வந்தார். “சொந்தக்காரவுக மட்டும் போடுங்க” என்றார் சித்தப்பா. ரூபாலி கைக்குள் அரிசியோடு பின்வாங்கினார்.

அக்கா மகள் நகரவில்லை. “நான் வந்து சேருற வரைக்கும் எங்கம்மாவப் பாத்துக்கிட்டது அவிய. அவிய போடாம நானும் போட மாட்டேன்.”

சித்தப்பா ஒதுங்கி நின்றார். ரூபாலி அழுதுகொண்டே போட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இந்த நினைவு மலரில் ரூபாலியின் பெயர் வேண்டாம் என்று சித்தப்பா நேற்றும் போன் செய்தார்.

துயரில் வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் வணக்கம். முதல் நன்றி ரூபாலிக்கு. அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இதைக் கையில் வாங்கும் உறவினர்களில் யாரேனும் ஒருவர் மாடியேறிப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதுவரை நம்மவர் யாரும் அந்தப் படி ஏறியதில்லை.

— தங்கை