பதினெட்டு லீற்றர் பெயின்ட்

2021 மார்ச் 8: உடற்சட்டகம், 61.2 கிலோ.
2022 ஜூலை 19: இறக்கைகள் இரண்டும், 58.4 கிலோ.
2023 டிசம்பர் 2: எஞ்சின், 64 கிலோ.
2024 ஓகஸ்ட் 14: முழு விமானம். கணக்கில் 297.3, தராசில் 309.6. அனுமதிக்கப்பட்ட உச்சம் 300.

கடைசி வரியை எழுதிய பிறகும் இரத்தினசிங்கம் பேனையை மூடவில்லை. வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் கார் தரிப்பிடத்தில், இறக்கைகளைச் சுவரில் சாய்த்துவைத்து, புல்வெளியிலும் இறங்கக்கூடிய குட்டி விமானமொன்றைக் கட்டியவர் அவர். ஓய்வுபெற்ற படவரைஞர், ஒவ்வோர் ஆணியையும் நிறுத்து எழுதியவர். ஆறு மாதத்துக்குள் எடை இறங்காவிட்டால் பறக்க அனுமதி இல்லை. வயதோ அறுபத்தொன்பது. இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம் என்று நம்பும் வயதல்ல.

"பெயின்ட் எவ்வளவு போச்சு, அங்கிள்?" நிறுக்க வந்த பரிசோதகர் ஷிராஸ் கேட்டார்.

"பதினெட்டு லீற்றர்."

"கிலோவில?"

இரத்தினசிங்கம் கொப்பியைப் புரட்டினார். லீற்றரில் வாங்கியதை லீற்றரிலேயே எழுதியிருந்தார். கூட்டலில் அது சேரவே இல்லை.

"ஒரு கோட் அடிச்சாலே காணுமே?"

"தம்பி, இது வெள்ளவத்தை, கடல் உப்புக்காத்து. மூண்டு கோட் அடிக்காத ஜன்னல் கம்பி ஒரு வருஷம் நிக்காது."

"ஜன்னல் பறக்கிறதில்லையே, அங்கிள்."

மறுநாளே சாண்ட் பேப்பரும் கையுமாக உட்கார்ந்தார். மனைவி நேசமலரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கிவந்தார்.

"இப்பிடிச் சுரண்ட வேண்டிவரும் எண்டு கலியாணத்துக்கு முந்தி ஏனப்பா சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் ஓமெண்டிருப்பீரோ?"

உதிர்ந்த தூளை அரிசிப் பையில் கூட்டியள்ளி நிறுத்தார்: 8.9 கிலோ. இன்னும் எழுநூறு கிராம் அதிகம். மிஞ்சியிருந்த கடைசிக் கோட்டைத் தொட்டால் துருப்பிடிக்கும்.

ஆசனத்துக்குப் பின்னால் இருந்த பலகைப் பெட்டியை நேசமலர் தட்டினார். பதிவுக் கொப்பி வைக்கவென்று இரத்தினசிங்கமே செய்து பொருத்திய பெட்டி.

"இது எவ்வளவு?"

"எண்ணூறு கிராம்."

"அப்ப கழட்டுங்கோவன்."

"கொப்பியை எங்க வைக்கிறது?"

"என்ர கையில. நீங்கள் மேல போங்கோ, நான் கீழ நிண்டு எழுதுறன்."

இரத்தினசிங்கம் கொப்பியை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு நாலு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ஜனவரி 27ஆம் திகதி தராசு 299.9 காட்டியது. அனுமதிக் கடிதம் வந்த நாளைக் கொப்பியில் நேசமலர்தான் எழுதினார்: 2025 பெப்ரவரி 11.