முட்டிக்குள் போட்ட தையல்

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. வாரம் முழுக்க ஏணியில் ஏறி இறங்குவதும் பெயின்ட் டப்பா தூக்குவதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பெத்தாங் ஆடப் போய்விடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் விட்டுப்போன ஆட்டம் அது. மண்தரையில் ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டுவிட்டு, கைக்கடங்கிய இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யார் குண்டு கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குத்தான் புள்ளி, எதிராளியின் குண்டை அடித்து விலக்கவும் செய்யலாம். நின்றுகொண்டும் போடலாம். நான் குந்தி உட்கார்ந்துதான் போடுவேன். கண் தரையோடு இருந்தால்தான் மண்ணின் மேடுபள்ளம் எனக்குப் பிடிபடும்.

அன்றைக்கும் குந்தித்தான் போட்டேன். குண்டு அழகாக உருண்டு போனது. எங்கே நிற்கிறது என்று பார்க்கிற அவசரத்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டே எழுந்தேன். வலது முட்டிக்குள் ஏதோ டக்கென்று நழுவியது. அப்படியே விழுந்தேன். காலை நீட்டப் பார்த்தால் நீளவில்லை. கதவிடுக்கில் கல் மாட்டினாற்போல, பாதி மடங்கிய நிலையிலேயே கால் நின்றுவிட்டது.

என்னோடு ஜோடி சேர்ந்து ஆடுபவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள்; நான் அண்ணன் என்பேன். ஓடி வந்து காலைப் பிடித்து இழுக்கப் போனார்.

"தொடாதண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆட்டமும் நின்றுபோனது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் ஒரு அம்மா. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, என் மனைவிக்கும் எனக்கும் பொறுமையாகச் சொன்னார்.

"முட்டியில ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கு சார். அது நீளவாக்குல கிழிஞ்சு, கிழிஞ்ச துண்டு நடுவுல போய் மாட்டிக்கிச்சு. அதான் கால் நீள மாட்டேங்குது. துண்டை வெட்டி எடுத்துட்டா சீக்கிரமா நடந்துடுவீங்க. ஆனா போன மெத்தை போனதுதான், பின்னாடி எலும்பு தேயும். தைச்சுட்டா மெத்தை தங்கும். ஆனா ஒன்றரை மாசம் அந்தக் காலை ஊனக்கூடாது. ஆறு மாசம் குந்தக்கூடாது."

"வெட்டிடுங்க டாக்டர்," என்றேன். "எனக்குக் கடை இருக்கு."

"கடைய நான் பாத்துக்கறேன்," என்றாள் மனைவி. அதுவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள். "துணி கிழிஞ்சா தைப்பாங்களா, கிழிஞ்ச எடத்த வெட்டித் தூக்கிப் போடுவாங்களா? நீங்க தைங்க டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "தைக்க முடியுமான்னு உள்ள பாத்தாதான்மா தெரியும். மெத்தையோட வெளி ஓரத்துலதான் ரத்த ஓட்டம் இருக்கு. கிழிசல் அங்க இருந்தா ஒட்டும். உள்பக்கமா இருந்தா ஒட்டாது, வெட்டித்தான் ஆகணும்."

வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றித்தான் பேச்சு. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்கே அவள் தோள் வேண்டியிருந்தது. தொழுகைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மடங்கிய கால் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். வயதான காலத்தில் எலும்பு தேய்ந்து எப்போதும் இப்படியே ஆனால் என்ன கதி என்று நினைத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் போவதற்குள், எப்படியாவது தைக்கிற மாதிரி இருக்கட்டும் என்று நானே துஆ கேட்க ஆரம்பித்திருந்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முட்டியில் இரண்டு சின்னத் துளைகள், ஒன்றில் கேமரா. பார்க்க ஆசையா என்று கேட்டுவிட்டு ஒரு டிவியை என் பக்கம் திருப்பினார்கள். முட்டிக்குள்ளே இளநீர் வழுக்கை போல வெளேரென்று இருந்தது. அதன் குறுக்கே, கயிறு அறுந்து தொங்குவது போல அந்தத் துண்டு. டாக்டர் ஒரு சின்னக் கொக்கியால் அதை நெம்பி இடத்தில் தள்ளினார். பிறகு ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"சார், ஓரத்துலதான் கிழிஞ்சிருக்கு," என்றார். "தைச்சுடலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

"ஆடாதீங்க, ஆடாதீங்க," என்று பதறினார் நர்ஸ். இடுப்புக்குக் கீழே ஆட்ட என்னிடம் என்ன இருந்தது! டாக்டரே சிரித்துவிட்டார்.

மரத்த கால் உயிர் பெற்றபோது அது கட்டிலில் நேராக நீண்டு கிடந்தது. என் கால் நீண்டு கிடப்பதை அவ்வளவு நேரம் நான் அதற்கு முன் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

பிறகு வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. தொடை மெலிந்து கைத்தடி போல ஆனது. பிசியோதெரபிஸ்ட் முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, "அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க," என்பார். கண்ணில் நீர் வரும். கடையில் மனைவி உட்கார்ந்தாள். எந்த ஸ்க்ரூ எந்த டப்பாவில் என்று போனில் கேட்டவள், கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கால் ஊன அனுமதி கிடைத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கவாவது போகலாம் என்று ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். அன்றைக்கு ஆட்டத்தில் ஒரு ஆள் குறைந்தது.

"இன்னா பாய், வூட்டம்மாவ போடச் சொல்லேன்," என்றார் அண்ணன்.

"எனக்கு இன்னாண்ணே தெரியும்?" என்றவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். முதல் குண்டு வேலிக்குப் போனது. இரண்டாவது, எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளியது. அண்ணன் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். அதன் பிறகு எந்த ஞாயிறும் அவளை வீட்டில் நிறுத்த முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டர் என் முட்டியை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே குந்தலாம்," என்றார். வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினேன். வலிக்கவில்லை. கம்பியை விட்டேன். அப்போதும் வலிக்கவில்லை. அன்றைய அஸர் தொழுகையில் விரிப்பின் மேல் முட்டி போட்டு, தரையில் நெற்றி வைத்தேன். எழுந்திருக்க மனமே வரவில்லை.

அந்த வருஷப் போட்டியில் அண்ணன், நான், என் மனைவி மூன்று பேரும் ஒரே அணி. இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் பன்னிரண்டு புள்ளி. பதின்மூன்று எடுப்பவர்களுக்கு ஜெயம். என் கையில் எங்கள் அணியின் கடைசிக் குண்டு.

"நின்னே போடுங்க," என்றாள் மனைவி, முட்டியைப் பார்த்தபடி.

"போடட்டும்மா, அவன் இஷ்டத்துக்கு," என்றார் அண்ணன்.

குந்தினேன். மண் தெளிவாகத் தெரிந்தது. விட்ட குண்டு ஒரு சின்ன மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், மரக்குண்டை ஒட்டி நின்றது. எதிரணிக்காரர் தன் கடைசிக் குண்டால் அதை அடிக்கப் பார்த்தார். ஒரு விரற்கடையில் தவறிப்போனது. அண்ணன் பிரெஞ்சில் என்னவோ கூவினார். என் மனைவி அத்தனை பேர் முன்னாலும் குதித்தாள்.

கோப்பையோடு போட்டோ எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். முன்வரிசை மறைக்கிறது, யாராவது நாலு பேர் உட்காருங்கள் என்றார் போட்டோக்காரர். வாலிபர்கள் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் முன்னால் போய்க் குந்தினேன். அவர் ஒன்றுக்கு நாலு படம் எடுத்தார். எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் அசையவே இல்லை.