பத்மநாதன் வழியனுப்பிய டாக்டர்

கோலியர்ஸ் வுட்டில் பத்மநாதன் வீட்டுக்கு வந்த எவரும் தேத்தண்ணி குடிக்காமல் போனதில்லை. தனியாக வெளியேறியதும் இல்லை. தபால்காரர் உள்ளே வராததால் தப்பித்துக்கொண்டார். இடுப்பும் முழங்காலும் தேய்ந்து, கிடங்கு வேலையும் போய், கதிரையே கதியாகிவிட்ட பிறகும் மனிதர் விருந்தாளியைக் கேற் வரை கொண்டுபோய் விட்டு, கார் மறையும்வரை கைகாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். பிறகு இரண்டு நாள் படுக்கை.

இந்த நாட்டில் வைத்தியம் இலவசம். ஊருக்கு எழுதும் கடிதங்களில் எல்லாரும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரி இடுப்பைப் பார்க்குமே தவிர, அந்த இடுப்பைக் குளியலறைக்குக் கூட்டிப்போவது யார் என்று கேட்காது. மனைவி அருமைநாயகிக்குக் காலையில் ஒரு லோண்டரி, மாலையில் அலுவலகம் துடைக்கும் வேலை. ஒரு மாலை பத்மநாதன் குளியலறையில் விழுந்து, அவள் வரும்வரை மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். “சும்மா படுத்திருந்தனான்” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு மாலை வேலையில் மனமே ஓடவில்லை. விட்டுவிட்டால் வீடு ஓடாது.

நடக்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும் ஒரு பெனிபிட் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பாலேந்திரா. பக்கத்து டூட்டிங்கில் பாதித் தமிழருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர். எழுதி அனுப்பினார். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க பெனிபிட் அலுவலகம் ஒரு டாக்டரை அனுப்பியது.

வீட்டில் அன்று ஒரே அமளி. அருமைநாயகி நல்ல சேலை உடுத்து வடை சுட்டாள். பத்மநாதன் சவரம் செய்து டை கட்டினார். எப்படி இருக்கிறீர்கள் என்று வெள்ளைக்கார டாக்டர் கேட்டதற்கு, மிக்க நலம் என்றார். வந்தவரிடம் முதல் கேள்விக்கே குறை சொல்லலாமா? கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, டாக்டரைத் தெரு வரை கூட்டிப்போய், கார்க் கதவையும் திறந்துவிட்டார்.

டாக்டர் கண்டதை எழுதினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பாலேந்திரா தலையில் கைவைத்தார். “அண்ணை, நடக்க ஏலாதெண்டு காட்டவேண்டிய ஆளே கார் வரைக்கும் நடந்துபோய் ஏத்திவிட்டிருக்கிறியள்!”

“வீட்டுக்கு வந்த மனிசனை வேறை என்ன செய்யிறது?”

மறுபரிசீலனைக்கு எழுதினார்கள். இரண்டாவது டாக்டர் வருவதற்கு முன் பாலேந்திரா கட்டளை போட்டார்: வடை இல்லை, டை இல்லை, முக்கியமாக எழும்பக் கூடாது. பத்மநாதன் வடையை மட்டும் பேரம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

வந்தது நிர்மலா என்ற தமிழ்நாட்டு டாக்டர் அம்மா. போதாக்குறைக்குத் தமிழில் வேறு பேசினார். காலை மடக்கிப் பார்த்து, கேள்விகள் கேட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நான் வர்றேன், சார்.”

பத்மநாதனின் கைகள் தாமாகவே கதிரையைப் பிடித்து உன்னின. அருமைநாயகி கண்ணால் அதட்டினாள். அவர் மறுபடி அமர்ந்தார். டாக்டர் அம்மா கதவடியில் ஒரு கணம் தயங்கி நின்றார்; அவருக்கும் அந்தப் பழக்கம் தெரிந்ததுதானே. அறை முழுக்க அவமானம் நிறைந்துவிட்டதாகப் பத்மநாதனுக்குப் பட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“குறை நினையாதேங்கோ, பிள்ளை,” என்றார். “என்னாலை வாசல் வரைக்கும் வர ஏலாது.”

பாலேந்திரா சொல்லிக்கொடுத்த வசனம் அல்ல அது. இடுப்புத் தேயத் தொடங்கிய இந்த ஐந்து வருடத்தில் டாக்டரிடமோ மனைவியிடமோ பத்மநாதன் ‘ஏலாது’ என்று சொன்னதே இல்லை.

டாக்டர் அம்மா தலையசைத்துவிட்டுப் போனார். சில வாரங்களில் பெனிபிட் கிடைத்தது. அருமைநாயகி மாலை வேலையை விட்டாள். ஆனால் டாக்டர் அம்மா போன அன்று, கதவைச் சாத்திவிட்டு வந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

“ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?”

“நீயும் களைச்சுத்தானே வாறனீ,” என்றார் பத்மநாதன்.