பெஞ்சைத் தூக்கி வந்தவர்கள்

“நான் கீழே போகலைன்னா யாராவது கவனிப்பாங்களா?” என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தபடிதான் கேட்டார்.

அவர் அப்பாவின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா இறந்தபின் எங்களோடு இருக்கிறார். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு இருந்தது. சாயங்காலமானால் அவரும் இன்னும் மூன்று பேரும் அதில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார்கள். அவருக்கு மிச்சமிருந்த உலகம் அதுதான்.

சுவருக்குப் புது பெயின்ட் அடித்தபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பெஞ்சைப் பின்பக்கம் குப்பைத்தொட்டிகளுக்கு அருகில் போடச் சொல்லிவிட்டார். “வீடு பார்க்க வர்றவங்க முதியோர் இல்லம்னு நினைச்சுக்கறாங்க” என்பது அவர் சொன்ன காரணம்.

பெரியப்பா கீழே இறங்குவதை நிறுத்தினார். பிறகு சவரத்தை. பிறகு பேச்சை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

ஒருநாள் பெஞ்சுக்காரர்களில் ஒருவரான தையல்கார அம்மா வீட்டுக்கு வந்தார்.

“என்ன கண்டக்டரே, வண்டி ஷெட்டுலயே நிக்குது?”

“உட்கார இடமில்லையேம்மா.”

“அடடா! சீட்டு இல்லைன்னா ஜனங்களை இறக்கியா விட்டீங்க? நிக்க வெச்சுத்தானே கூட்டிட்டுப் போனீங்க?”

பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார். “நானும் நின்னுக்கிட்டுத்தான் போனேன்” என்றார்.

மறுநாள் சவரம் செய்துகொண்டு கீழே போய், பெஞ்சு இருந்த இடத்தில் நின்றார். மற்ற மூவரும் வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட் வாசல் அடைத்துக்கொண்டது.

செயலாளர் வந்தார். “கால் வலிக்காதா சார்?”

“ஓடற வண்டியில நின்ன கால் இது. உங்க கட்டடம் நகரவே மாட்டேங்குதே!”

“பெஞ்சுதான் பின்னாடி இருக்கே?”

“அங்க குப்பைத்தொட்டி கூடவா பேசறது? எங்களுக்கு மனுஷங்க வேணும்.”

இப்படியே பல சாயங்காலங்கள் நின்றார்கள். பெஞ்சு வரவில்லை. ஒருநாள் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. நான்கு பேரும் பின்பக்கம் போய் அதைத் தூக்கினார்கள். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

“நீ தொடாதப்பா. உன் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க” என்று பெரியப்பா விரட்டினார்.

நாலடிக்கு ஒருமுறை இறக்கி, மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தார்கள். செயலாளர் எதிரே வந்து நின்றார்.

“எடுக்கணும்னா எங்களோட சேர்த்துத் தூக்குங்க சார்” என்றார் பெரியப்பா. “கனம் ஜாஸ்தி, இடுப்பு பத்திரம்.”

யாரும் தூக்கவில்லை.

மாத்திரை தொடர்கிறது. சில நாள் பெரியப்பா படுக்கையை விட்டு எழுவதில்லை. அன்றைக்கு அந்த மூவரும் மேலே வந்து, திறக்கும்வரை கதவைத் தட்டுகிறார்கள்.

உங்கள் பக்கத்திலும் இருந்த இடம் பறிபோய் அறைக்குள் முடங்கிய ஒருவர் இருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்த இடத்தைப் பறித்தவரிடமும் சொல்லுங்கள்.