கொக்கு பிஸ்கட் விளம்பரத்தில் நவமணி

ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங் வட்டாரத்தில் நவமணியிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பியவர் எவரும் இல்லை. நேற்றைய மீனை இன்று பிடித்ததென்று விற்பவன் முதல், லிஃப்டில் முண்டியடித்து நுழைகிறவன் வரை எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். வயது அறுபதைத் தாண்டியும் தொண்டை மட்டும் தளரவில்லை. அப்பேர்ப்பட்டவளைக் காமிராவுக்கு முன்னால் உட்கார வைத்து, இனிக்க இனிக்க நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

கொக்கு மார்க் பிஸ்கட் கம்பெனியில் அவள் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு தங்கை காமினியையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். ஒரு தீபாவளிச் சமயம், ஆர்டர் மலைபோலக் குவிந்து கிடந்தது. மாவை இழுக்கும் உருளைக்கு மேலே ஒரு பாதுகாப்பு மூடி இருக்கும். அது அடிக்கடி சிக்கி மெஷினை நிறுத்துகிறதென்று மேனேஜர் அதைக் கழற்றி மூலையில் போடச் சொன்னார். அந்த வாரமே உருளை காமினியின் வலது கையைப் பிடித்து இழுத்தது. மூன்று விரல்கள் போயின.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? கவனக்குறைவாம்! ரத்தம் காய்வதற்குள் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, கூசாமல் அப்படிச் சொன்னார்கள். அந்தப் பழி காமினியைவிட்டுப் போகவே இல்லை. பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லியே விலகிக்கொண்டார்கள். தட்டு ஒன்று கீழே விழுந்தால் பெற்ற தாயே, "இவளுக்கு என்னிக்கித்தான் கவனம் இருந்திச்சி?" என்பாள். நவமணி ஆபீசுக்குள் புகுந்து கத்தினாள். மறுநாளே அவளை லாரியில் பெட்டி ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். பல வருடம் கழித்துக் கம்பெனி கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊருக்கு இடம் மாறியபோது, பழைய ஆட்களைக் கையில் ஆளுக்கொரு டின் பிஸ்கட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நவமணி அந்த டின்னைக் கேட் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது அதே கம்பெனிக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. பழைய நீல டின் திரும்ப வருகிறதாம். பழைய தொழிலாளி ஒருவர் விளம்பரத்தில் பேச வேண்டுமாம். தேடிக்கொண்டு வந்தவன் தயாளன், கோலாலம்பூர் விளம்பரக்காரன். வார்த்தைக்கு வார்த்தை ஆன்ட்டி, ஆன்ட்டி என்று குழைந்தான்.

"சிம்பிள்லா, ஆன்ட்டி. டின்ன மடியில வச்சிக்கிட்டு, அப்பல்லாம் நாங்க ஒரே குடும்பமா இருந்தோம்னு சொன்னா போதும். பார்க்கிறவங்க எல்லாம் அழுதிருவாங்க."

குடும்பமாம்! ஆனாலும் நவமணி அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே கடல் தாண்டி செபராங் ஜெயாவில் இருக்கும் காமினிக்குப் போன் செய்தாள். "ஆபீஸ் ரூம்ல கத்துனா நாலு பேர் காதுலகூட விழல. இது டிவி. உன் மேல தப்பில்லன்னு ஊரே கேட்கட்டும்."

"உனக்கெதுக்குக்கா வேண்டாத வேலை?" என்றாளே தவிர, வேண்டாம் என்று காமினி சொல்லவில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டைப் பிடித்துப் பொய்த் தொழிற்சாலை போட்டிருந்தார்கள். இளம்பெண்கள் தலையில் மல்லிகைச் சரத்தோடு, பல்லைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்தார்கள். உண்மையில் தலையில் பூவோடு உள்ளே போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்! நவமணியை உட்கார வைத்து, மடியில் டின்னை வைத்தார்கள். காமிரா ஓடியது. அவள் லென்ஸை நேராகப் பார்த்தாள்.

"மூடியக் கழட்டச் சொன்னது நீங்க. என் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

அதைச் சொல்லும்போது எத்தனையோ வருட ஆத்திரம் கண்ணில் முட்டி வழிந்தது. பிறகு தயாளன் மெல்லக் கை தட்டினான். "சூப்பர், ஆன்ட்டி. ரொம்ப நேச்சுரல்." ஜெயித்துவிட்டோம் என்று நம்பி அவள் வீட்டுக்கு வந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் விளம்பரம் வந்தது. அவள் முகம் திரை முழுக்க இருந்தது. மெதுவாக ஓட்டியிருந்தார்கள். கண்ணீர் உருண்டது, உதடுகள் அசைந்தன. குரல் மட்டும் இல்லை. அதற்குப் பதில் வயலின். கீழே ஒரு வரி: ‘அன்று சுவைத்த அன்பு, இன்றும் உங்கள் கையில்.’ கையிலாம்! பாவிகள்!

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி வாழ்த்தினார்கள். நவமணி தயாளனைப் போனில் பிடித்துக் காறித் துப்பாத குறையாகத் திட்டினாள். "ஆன்ட்டி, நீங்க சைன் பண்ணிட்டீங்களே," என்று அவன் வைத்துவிட்டான். அவளுடைய பயமெல்லாம் காமினியைப் பற்றித்தான். எத்தனை தடவை அழைத்தும் காமினி எடுக்கவில்லை. அக்காவும் விலை போய்விட்டாள் என்றுதானே நினைப்பாள்? ஃபெர்ரி படகைப் பிடித்து, பஸ் மாறி, செபராங் ஜெயாவுக்கு ஓடினாள்.

வீடு பூட்டியிருந்தது. காமினி பேரங்காடிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போனால், நீல டின்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அதற்கு மேலே ஒரு டிவியில் அதே விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது. கூட்டத்துக்கு நடுவே காமினி நின்றிருந்தாள், விரல் போன கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"மூடியக் கழட்டச் சொன்னது நீங்க," என்றாள் காமினி, உரக்க. திரையில் நவமணியின் உதடுகள் அதையே சொல்லின. "என் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

நவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தொழிற்சாலையின் இரைச்சலில் யார் காதால் பேசினார்கள்? எதிர் வரிசையில் நிற்பவள் சொல்வதை உதட்டைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்வார்கள். அங்கே வேலை செய்த பெண்கள் அத்தனை பேருக்கும் அது வரும். சத்தத்தை வெட்டிய மடையர்கள் அவள் உதட்டை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"அக்கா வந்துட்டியா?" என்றாள் காமினி. கண் கலங்கியிருந்தது. "காலையிலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். போனை வீட்டுலயே விட்டுட்டேன். நம்ம லைன்ல நின்னவங்க ரெண்டு பேர் வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டுப் போனாங்க."

சட்டையில் வாசு என்று பெயர் குத்திய சூப்பர்வைசர் ஓடி வந்தான். "அக்கா, இங்க சத்தம் போடாதீங்கலா. கஸ்டமருங்க பார்க்கிறாங்க."

"நான் ஒண்ணும் சொல்லல, தம்பி," என்றாள் காமினி. " உங்க விளம்பரம் சொல்றதச் சொல்றேன். வேணும்னா நீயே பாரு."

விளம்பரம் மறுபடி ஆரம்பித்தது. வாசு அண்ணாந்து நவமணியின் உதடுகளைப் பார்த்தான். இந்தத் தடவை அவனுக்கும் புரிந்தது.